சுருக்கத்துக்கு விட்டுத் தைத்தது

கடிதம் வந்த அன்று எனக்கு எல்லாம் இரண்டாகத் தெரிந்துகொண்டிருந்தது. காகிதமும் இரண்டு, அதைப் பிடித்திருந்த கையும் இரண்டு. இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் படித்தேன். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று எழுதியிருந்தது: இது தோற்றத்தை மேம்படுத்தும் சிகிச்சை, ஆகவே தொகை வழங்க இயலாது. 41 வயதில் மாறுகண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றி அந்த மேசைக்காரர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பணம் பெரிய தொகைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பணத்தைவிட அந்த ஒரு வரி என்னை அதிகம் அரித்தது. ஏனென்றால் அதே வரியை வேறு வேறு வாய்களிலிருந்து நான் முன்பே கேட்டிருந்தேன். "இந்த வயதில் அழகுக்காகக் கண்ணில் கத்தி வைப்பதா?" என்று அத்தை கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். உண்மையைச் சொன்னால், மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்குள்ளேயும் பாதி மனம் அப்படித்தான் நினைத்தது.

அது முற்றிலும் தவறு என்று இன்று எனக்குத் தெரியும். வாதம் செய்து தெரிந்துகொண்டதல்ல. மும்பை தாராவியில் எங்கள் வீட்டுச் சுவரில், என் அப்பாவின் தையல் அளவு நாடாவில், வாரம் ஒரு முறை அளந்து தெரிந்துகொண்டது.

யாரைப் பார்க்கிறேன்

காட்கோபரில் ஒரு கூட்டுறவு வங்கியின் கவுண்டரில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். வரிசையில் முதலில் நிற்பவரை நிமிர்ந்து பார்த்து "வாருங்கள்" என்றால், இரண்டாவதாக நிற்பவரும் ஓர் அடி முன்னே வருவார். யாரை அழைத்தேன் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த அரை நொடி ஒவ்வொரு நாளும் நாற்பது ஐம்பது முறை வரும். பிறகு நான் ஆட்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பாஸ்புத்தகத்தைப் பார்த்தபடியே பெயரைச் சொல்லி அழைக்கப் பழகினேன். தலையைச் சற்றே சாய்த்து நிற்பது, புகைப்படத்தில் ஓரத்துக்குப் போய்விடுவது, வெயிலில் இறங்கினால் இடது கண்ணை மூடிக்கொள்வது எல்லாம் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. வெயிலில் கண்ணை மூடுவது என் கெட்ட பழக்கம் என்றே நினைத்திருந்தேன். வெளிப்பக்கம் விலகும் கண் உள்ள பிள்ளைகள் பலர் அப்படிச் செய்வார்கள் என்றும், அது ஓர் அடையாளம் என்றும் டாக்டர் சொன்னபோது, எனக்கு ஏழு வயதில் ஜுஹு கடற்கரையில் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. தம்பி இரண்டு கண்ணாலும் சிரிக்கிறான். நான் ஒரு கண்ணை இறுக மூடியிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சி, "லட்சுமி கண்ணிலே இருக்கிறாள், அதைப் போய் வெட்டுவார்களா" என்று சொல்லித்தான் அப்பாவைத் தடுத்தார். பள்ளி முகாமில் பார்த்த ஒரு டாக்டர் அப்போதே அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருந்தார். அப்பா தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். கையில் காசும் இல்லை. ஆச்சி சொன்னது அவருக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்திருக்கும். அதிர்ஷ்டம் என்று சொன்ன அதே சொந்தங்கள், பிற்பாடு என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டார் தயங்கியபோது, "கண் அப்படி இருக்கிறதே" என்று எங்களுக்கே எடுத்துச் சொன்னார்கள். அதைப் பற்றி இங்கே மேலும் எழுத எனக்கு விருப்பமில்லை.

இதைப் படிக்கும் இளம் பெற்றோருக்கு ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் கண்கள் முதல் சில மாதங்கள் அங்கும் இங்கும் போவது இயல்பு. நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒரு கண் விலகியே நின்றால் அது அதிர்ஷ்டமும் இல்லை, தானாகச் சரியாகப் போவதும் இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு கண்ணும் ஒரே பொருளைப் பார்க்காவிட்டால் மூளையில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் செல்கள் குறைந்துபோகும் என்பதை டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளிடம் காட்டினார்கள். பார்வையை மூளை எப்படிக் கையாள்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 1981-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். சிறு வயதுக்கு இணையான வயது வேறு இல்லை. நான் எழுதுவது தாமதிப்பதற்கான சமாதானம் ஆகிவிடக் கூடாது.

நாற்பது

என் விலகலை அளந்தபோது 40 என்று வந்தது. ப்ரிசம் டயாப்டர் என்ற கணக்கு அது. பல அளவுள்ள முக்கோணக் கண்ணாடிகளை வரிசையாக ஒட்டிய ஒரு பட்டையைக் கண் முன்னால் நகர்த்தி, எந்தக் கண்ணாடியில் கண் அசையாமல் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு டயாப்டர் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் விலகல். என் வலது கண் ஒரு மீட்டருக்கு அப்பால் ஒரு பொத்தானைப் பார்த்தால், இடது கண் அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்த்ததை மூளை ஒதுக்கிவிட்டது. அதனால்தான் இத்தனை வருடமும் எனக்கு இரண்டாகத் தெரியவில்லை.

அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு 74 வயது. டாக்டர் மராத்தியப் பெண்மணி. பொறுமையான இந்தியில், பிளாஸ்டிக் கண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. நான்கு நேராக ஓடுபவை, இரண்டு சாய்ந்து ஓடுபவை. வெளிப்பக்கத் தசை கண்ணை வெளியே இழுக்கும், உள்பக்கத் தசை மூக்கை நோக்கி இழுக்கும். என் இடது கண்ணில் வெளிப்பக்கத் தசையை அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து எடுத்து 8 மில்லிமீட்டர் பின்னால் தைப்பார்கள். அதன் பிடி தளரும். உள்பக்கத் தசையில் 6 மில்லிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் திரும்பத் தைப்பார்கள். அதன் பிடி இறுகும். தசையின் மொத்த நீளமே ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தமிழில் என்னிடம் சொன்னார்: "ஒரு பக்கம் பிரித்து விடுகிறார், மறுபக்கம் பிடித்துத் தைக்கிறார். இது நம் வேலைதான் தாயி." முகத்தில் ஒரு தெளிவு வந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. துணி என்றால் வெட்டியது வெட்டியபடியே இருக்கும், பிடித்தது பிடித்தபடியே இருக்கும். உயிருள்ள சதை அப்படி இருக்குமா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. வரிசையில் வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பின்னால் வந்த இரண்டு வாரப் பயம் எனக்கு இருந்திருக்காது.

இந்த வேலைக்கு வயது 180-க்கு மேல். பெர்லினில் யோஹான் டீஃபென்பாக் என்ற அறுவை மருத்துவர் 1839-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் செய்தார். அவர் தசையை அளந்து நகர்த்தவில்லை, குறுக்கே வெட்டிவிட்டார். அப்படி வெட்டப்பட்டவர்களில் பலருக்குப் பின்னாளில் கண் எதிர்ப்பக்கம் போய்விட்டது. மில்லிமீட்டர் கணக்கு அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தது.

இரண்டாவது வாரம்

ஜூலை மழையில் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கத்துக்கு முன்னால் இருதயம் பற்றி நிறையக் கேட்டார்கள். கண் தசையை இழுக்கும்போது நாடித்துடிப்பு குறையும், அது 1908-லிருந்தே மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது, அதனால் மயக்க மருத்துவர் அந்த நேரத்தில் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார் என்று ஒரு செவிலியர் சொன்னார். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் உடம்புக்குள் இப்படி ஒரு நேர்வழி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. கதவு இரண்டு. அப்பா இரண்டு. மின்விசிறி இரண்டு. வலது கண்ணின் படம் அதன் இடத்தில் தெளிவாக நின்றது. அதற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் இன்னொரு படம். கண்ணாடியில் பார்த்தபோது இடது கண் மூக்கை நோக்கிச் சற்றே திரும்பியிருந்தது. இத்தனை வருடம் வெளியே போன கண் இப்போது உள்ளே வந்துவிட்டது. டீஃபென்பாக்கின் நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள்.

பத்து நாட்கள் நான் யாரிடமும் சொல்லவில்லை. படிக்கட்டில் எந்தப் படியில் கால் வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். குழம்பு ஊற்றும்போது கரண்டி தட்டுக்கு வெளியே போயிற்று. மேலே சொன்ன கடிதம் வந்ததும் அந்த நாட்களில்தான். அழகுக்காகச் செய்தாய் என்று ஒருவர் எழுதுகிறார், எனக்கோ அழகும் போய், பார்த்த பார்வையும் போய்விட்டது. இரவில் அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து அழுதேன். அவர் தூங்கவில்லை.

இரண்டாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் பட்டையை நகர்த்தி அளந்தார். உள்பக்கம் 8. "நல்லது" என்றார். எனக்குப் புரியவில்லை. கண் தப்பான பக்கம் போயிருக்கிறதே, நல்லது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: வெளிப்பக்கம் விலகும் கண்ணை நேராக நிறுத்தித் தைத்தால் சில மாதங்களில் அது மீண்டும் வெளியே போகப் பார்க்கும். அதனால் கொஞ்சம் உள்ளே வருமாறு தெரிந்தே வைப்போம். அடுத்த வாரங்களில் வீக்கம் வடியும், இறுகிய தசை தன்னை நீட்டிக்கொள்ளும், தளர்ந்த தசை தன்னைச் சுருக்கிக்கொள்ளும், மூளை இரண்டு படங்களையும் பிடித்து இழுத்துச் சேர்க்கும். நான் தைத்தது இன்றைய அளவுக்கு அல்ல. ஆறு வாரம் கழித்து உங்கள் கண் எங்கே போய் நிற்குமோ அதற்கு.

அப்பாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்தார். "சுருக்கத்துக்கு விட்டுத் தைத்திருக்கிறார்" என்றார்.

துணி தைப்பவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காடாத் துணியை அப்படியே அளவுக்குத் தைத்தால் முதல் சலவையில் சட்டை ஏறிப்போகும். அதனால் நனைக்காத துணி என்றால் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுக் கூட விட்டுத் தைப்பார்கள். போட்டுப் பார்க்கும் அன்று சட்டை பெரிதாகத்தான் இருக்கும். தெரியாதவர் அளவு தப்பிவிட்டது என்று சண்டைக்கு வருவார். இரண்டு சலவை கழித்து வந்து ஒன்றும் பேசாமல் அடுத்த துணியைக் கொடுப்பார். அறுபது வருடமாக இந்தச் சண்டையைப் பார்த்தவர் அப்பா. டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். தொழிலாளி தொழிலாளிக்குச் செய்யும் வணக்கமாக அது இருந்தது.

எனக்கு அன்று வாசலிலேயே பயம் போயிற்று. இரண்டாகத்தான் தெரிந்தது, ஆட்டோவில் ஏறும்போது அப்பாதான் கையைப் பிடித்து ஏற்றினார். ஆனாலும் அந்த 8 என்னும் எண் பிழை என்ற இடத்திலிருந்து கையிருப்பு என்ற இடத்துக்கு மாறிவிட்டது. என் தசைகள் வேலை செய்யும் என்று நம்பி ஒருவர் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

சுவரில் நாடா

வீட்டுக்கு வந்ததும் அப்பா சும்மா இருக்கவில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் அது நாடாவில் அளக்கக்கூடியதுதானே என்றார். சுவரில் என் கண் உயரத்தில் ஒரு சின்ன டார்ச் விளக்கை ஒட்டினார். விளக்கில் பூஜ்யம் வருமாறு அளவு நாடாவை இடப்பக்கமாகப் படுக்கவைத்து ஊசி குத்தினார். தரையில் ஒரு மீட்டரில் சாக்குக்கட்டியால் கோடு. நான் அதில் நின்று, பூக்கடையில் வாங்கிய சிவப்புக் கண்ணாடித் தாளை இடது கண் முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கண்ணுக்கு வெள்ளை விளக்கு, இடது கண்ணுக்குச் சிவப்பு விளக்கு. சிவப்பு விளக்கு நாடாவில் எந்த எண்ணின் மேல் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். டாக்டரிடம் பிறகு சொன்னபோது, சிவப்புக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது பழைய முறைதான் என்றார். வீட்டு அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எச்சரித்தார், தடுக்கவில்லை.

முதல் ஞாயிறு 8. அப்பா தன் அளவு நோட்டை எடுத்து, வாடிக்கையாளர்களின் மார்பு, இடுப்பு, கை நீளங்களுக்கு நடுவே என் பெயரை எழுதி 8 என்று குறித்தார். அடுத்த ஞாயிறு 7. அதற்கடுத்தது மறுபடி 7. பிறகு 5. ஒவ்வொரு ஞாயிறும் நான் எண்ணைச் சொல்வதற்கு முன்னால் அவர் மூச்சை அடக்கிக்கொள்வது எனக்குக் கேட்கும்.

அந்த வாரங்களில்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்த 8-க்கும் 5-க்கும் நடுவில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. தசை நார் என்பது சார்கோமியர் என்னும் நுண்ணிய அலகுகள் ரயில் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம். ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் நானூறு அடங்கும். இந்தப் பெட்டிகளின் எண்ணிக்கை நிலையானதல்ல. 1970-களில் பூனைகளின் கால் மூட்டை மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்துப் பார்த்தார்கள். நீட்டிக் கட்டிய தசை சில வாரங்களில் புதிய பெட்டிகளைச் சேர்த்து நீண்டது. சுருக்கிக் கட்டிய தசை பெட்டிகளைக் கழற்றிவிட்டுக் குறுகியது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் 1990-களில் குரங்குகளின் கண்ணை ஒரு பக்கமாகத் தைத்து நிறுத்திப் பார்த்தபோது கண் தசைகளிலும் இதுவே நடந்தது. அதாவது, என் உள்பக்கத் தசை 6 மில்லிமீட்டர் இழந்து விறைத்து நிற்கும்போது தன் சரத்தில் பெட்டிகளைச் சேர்க்கிறது. 8 மில்லிமீட்டர் பின்னால் போய்த் தளர்ந்த வெளிப்பக்கத் தசை தன் சரத்தைக் குறைத்து மீண்டும் பிடி கொள்கிறது. கண் நின்ற இடத்துக்கு ஏற்றபடி இரண்டும் தம்மை மறுபடி அளந்துகொள்கின்றன. டாக்டர் விட்டு வைத்த சுருக்கக் கணக்கு இதை நம்பித்தான்.

அடுத்தது என்னை இன்னும் வியக்க வைத்தது. தசையில் காயம் பட்டால் சரிசெய்வதற்கென்றே நாரை ஒட்டிச் சில செல்கள் படுத்திருக்கின்றன. சாட்டிலைட் செல் என்று பெயர். 1961-இல் தவளையின் தசையில் கண்டுபிடித்தார்கள். கை கால் தசைகளில் இவை உறங்கிக் கிடக்கும். காயம் பட்டால் அல்லது கடுமையாக உழைத்தால் விழித்தெழும். கண் தசைகளில் இவை முழுதாக உறங்குவதே இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லிண்டா மெக்லூன் குழுவினர் வளர்ந்த முயல்களிடம் பார்த்தார்கள். எந்தக் காயமும் இல்லாதபோதே கண் தசை நார்களுக்குள் புதிய உட்கருக்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. தசையை வெட்டித் தைத்த பிறகு அந்த வேலை இன்னும் கூடியது. உடம்பின் தசைகளையெல்லாம் கரைக்கும் டூஷென் தசைச்சிதைவு நோய்கூட கண் தசைகளைப் பெரிதும் விட்டுவிடுகிறது. ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் கண்ணை இங்கும் அங்கும் எறிகிற தசைகள் இவை. தேய்வதும் புதுப்பிப்பதும் அவற்றுக்கு அன்றாடம்.

இதை நான் அப்பாவுக்குச் சொன்ன இரவு அவர் கேட்டது ஒரே கேள்விதான். "வயதானவர்களுக்குமா?" ஆமாம் அப்பா, வளர்ந்தவர்களுக்கும்தான் என்றேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். ஏழு வயதில் செய்யாமல் விட்டதை 34 வருடமாகச் சுமந்துகொண்டிருந்தவர் அவர் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. ஒருமுறைகூட அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

தசை எந்த அளவுக்கு மீண்டும் கட்டிக்கொள்ளும் என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போடும் மரத்துப்போகும் ஊசி எப்போதாவது தவறிக் கண் தசைக்குள் இறங்கிவிடும். ப்யூபிவகெய்ன் என்ற அந்த மருந்து தசை நார்களை அழிக்கும், சாட்டிலைட் செல்களை விட்டுவிடும். சில வாரங்களில் தசை மீண்டும் வளரும், முன்பைவிடத் தடித்தும் விறைத்தும். அதனால் சிலருக்குப் புரை நீங்கிய பிறகு பொருள்கள் இரண்டாகத் தெரிவதுண்டு. மற்றவர்கள் விபத்தாகப் பார்த்ததை, மேலே சொன்ன அதே ஆலன் ஸ்காட் சிகிச்சையாக மாற்றினார். வலுவில்லாத தசையில் அந்த மருந்தை வேண்டுமென்றே செலுத்தி, அது வலுவாக வளரும்படி செய்தார். எதிர்த் தசையைத் தளர்த்த, போடாக்ஸ் என்று இன்று எல்லோரும் சொல்லும் பாட்டுலினம் ஊசியைக் கொண்டுவந்ததும் அவரே. 1980-இல் அதை வெளியிட்டார், 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்று முகச் சுருக்கம் நீக்க உலகம் முழுக்கப் போட்டுக்கொள்ளும் அந்த ஊசி மாறுகண்ணுக்காகப் பிறந்தது. அழகுக்கான மருந்து கண் வைத்தியத்திலிருந்து போனதே தவிர, கண் வைத்தியம் அழகிலிருந்து வரவில்லை. காப்பீட்டு மேசையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை.

இளஞ்சிவப்பு

ஐந்தாவது ஞாயிறு 3. ஆறாவது ஞாயிறு கோட்டில் நின்று தாளைப் பிடித்தேன். நாடாவில் சிவப்பு விளக்கைத் தேடினேன். 3-இல் இல்லை. 2-இல் இல்லை. வெள்ளை விளக்கும் காணவில்லை. பூஜ்யத்தில் ஒரே ஒரு விளக்கு. வெள்ளையும் அல்ல, சிவப்பும் அல்ல. இளஞ்சிவப்பு.

எனக்கு வாய் வரவில்லை. தாளை எடுத்தேன், வெள்ளை. வைத்தேன், இளஞ்சிவப்பு. என் இரண்டு கண்ணும் ஒரே விளக்கைப் பார்க்கின்றன, மூளை இரண்டு நிறத்தையும் ஒரே இடத்தில் குழைத்துக் கொடுக்கிறது. அப்பா "எத்தனை, எத்தனை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ஒன்றுதான் அப்பா" என்றேன். அவர் அதை எண் என்று நினைத்து நோட்டில் 1 என்று எழுதிவிட்டார். பிறகு அடித்துத் திருத்தினார்.

3-லிருந்து பூஜ்யத்துக்கு ஒரே வாரத்தில் தாவியது எப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். கடைசித் துண்டு மூளையின் வேலை என்றார். படங்கள் எட்ட இருக்கும்வரை மூளையால் ஒன்றும் செய்ய முடியாது. கைக்கு எட்டும் தூரம் வந்ததும் கண்களைத் திருப்பிப் படங்களைப் பற்றிக்கொள்ளும், பிறகு விடாது. எனக்கு அந்தப் பிடி மிச்சமிருந்ததற்குக் காரணமும் சொன்னார். சிறு வயதில் என் கண் எப்போதும் விலகியிருக்கவில்லை. காலையில் நேராக இருக்கும், களைத்தால்தான் போகும். அந்தக் காலை நேரங்களில் மூளை இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்கக் கற்று வைத்திருக்கிறது. பிறந்ததிலிருந்தே விலகிய கண் உள்ளவர்களுக்கு இது இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்கும் பக்கவாட்டுப் பார்வையோ தலையை நேராக வைப்பதோ எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதோ திரும்பக் கிடைக்கிறது. அதையும் நான் அழகு என்ற கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஆழம் தெரிகிறதா என்று ஓர் அட்டையைக் கொடுத்துச் சோதித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், அதில் ஒரு பெரிய ஈ. இறக்கையைப் பிடிக்கச் சொன்னார்கள். என் விரல்கள் அட்டைக்கு மேலே காற்றில் நின்றன. அருவருத்துக் கையை இழுத்துக்கொண்டேன். அதற்கடுத்த சிறு வட்டங்களில் முதல் சில எனக்கு எழும்பித் தெரிந்தன, மற்றவை தட்டையாகவே இருந்தன. போதும். சயான் நிலையத்தில் வண்டிக்கும் நடைமேடைக்கும் இடையே உள்ள பள்ளம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று இப்போது ஒவ்வொரு நாளும் தெரிகிறது. மகளிர் பெட்டியில் எனக்குப் பின்னால் ஏறுபவர்கள் நெருக்கித் தள்ளினாலும் அரைநொடி அதைப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறேன்.

கவுண்டரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பழக்கம்போல் பாஸ்புத்தகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பெயர் படிக்க முடியாத கையெழுத்து ஒன்று வந்தது. நிமிர்ந்து பார்த்து "வாருங்கள்" என்றேன். முதலில் நின்ற பெரியவர் வந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் தன் இடத்திலேயே நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல் எங்கே

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஆனபோது அப்பா கேட்டார், உள்ளே போட்ட தையல் நூலை எப்போது பிரிப்பார்கள் என்று. பிரிக்க மாட்டார்கள், அது இரண்டு மாதம் சொச்சத்தில் தானாகக் கரைந்துவிடும் நூல் என்றேன். அவரால் அதை ஏற்கவே முடியவில்லை. நூல் கரைந்தால் தையல் எப்படி நிற்கும்? தைத்த இடத்தில் தசை கண்ணின் வெள்ளைப் பகுதியோடு வளர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, இப்போது நூலுக்கு அங்கே வேலை இல்லை என்றேன். மெஷினில் கோத்திருந்த நூலைக் கொஞ்ச நேரம் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதப் பரிசோதனையில் வெளிப்பக்கம் 4 என்று வந்திருக்கிறது. மூளை பிடித்து வைத்திருப்பதால் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. களைத்த மாலைகளில் மட்டும் விளக்கின் ஓரம் லேசாகப் பிரிவதுபோல் ஒரு மயக்கம். தசை தன்னை மாற்றிக்கொள்ளும் திறமை எனக்கு உதவிய அதே திறமைதான் கண்ணை மீண்டும் பழைய பக்கமும் கொண்டுபோகலாம், தைத்த இடத்தின் தழும்பே வருடங்கள் கழித்து நீண்டுகொடுப்பதும் உண்டு, சிலருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். நான் பயப்படவில்லை.

காப்பீட்டுக்கு மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். டாக்டரின் சான்றிதழ், ப்ரிசம் அளவுகள், நாற்பது வருடத்தில் இழந்திருந்த செயல்பாடு மீட்கப்பட்டது என்ற ஒரு பத்தி. அப்பா தன் நோட்டின் பக்கத்தையும் நகலெடுத்து இணைக்கச் சொன்னார். அது செல்லாது அப்பா என்றேன். இருக்கட்டும் என்றார். நகல் எடுக்கத் தொண்ணூறு அடிச் சாலைக்கு நானே கொண்டுபோனேன். ஒரு பள்ளிச் சீருடைக்கும் ஒரு சபாரி சட்டைக்கும் நடுவில் என் பெயர். அதன் கீழே அவருடைய சாய்ந்த கையெழுத்தில் 8, 7, 7, 5, 3, அடித்துத் திருத்திய ஒரு 1, ஒரு பூஜ்யம். பிறகு வேறு மையில் 4. அதன் கீழே "மார்ச்" என்று எழுதி எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறார்.